பள்ளி நூலகத்தில் எதைப் பாராட்டுவது?

(நூலகர் நாளையொட்டி, பள்ளி ஆசிரியர்களும் நூலகப் பொறுப்பாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சிறந்த பள்ளி நூலகத்துக்கு விருது கொடுக்க வேண்டும் என்று சொன்னால் இந்த அவையில் ஒருவரும் மறுக்க மாட்டீர்கள். எதைப் பார்த்துக் கொடுப்பது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. புத்தகங்களின் எண்ணிக்கையா, அறையின் அழகா, பொறுப்பாசிரியரின் உழைப்பா, பிள்ளைகளின் மதிப்பெண்ணா? அந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விருது என்று பெயர் வைக்காவிட்டாலும் பாராட்டு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார். நூலகத்தின் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்கிறார். பீரோ திறக்கப்படுகிறது. ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணும் பீரோவில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றன. ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை, கிழியவில்லை, அட்டை மங்கவில்லை. ‘நன்கு பராமரிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பொறுப்பாசிரியர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறார். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனதில் பன்னிரண்டு புத்தகம் திரும்பவில்லை. நாற்பது புத்தகத்தின் முதுகு பிரிந்துவிட்டது. அங்கே அதே அதிகாரி விளக்கம் கேட்கிறார். ‘காணாமல் போனவற்றின் விலையை யார் கட்டுவது?’ என்ற பேச்சு வருகிறது. அடுத்த வாரமே அந்தப் பீரோவுக்கும் பூட்டு ஏறிவிடுகிறது.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட படிவம் அப்படி. ஆனால் அந்த ஒரு கையெழுத்து அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் பள்ளி செய்யும். பூட்டைப் பாராட்டினால் பூட்டுத்தான் கிடைக்கும்.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னால் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு செயலில் இறங்கிய நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கண்ட ஒரு வழி, இன்றைக்கும் நமக்குப் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1950களின் இறுதியில் அமெரிக்கா உலகிலேயே பெரும் செல்வ நாடு. அப்படியிருந்தும் அங்கிருந்த அரசுப் பள்ளிகளில் ஏறக்குறையப் பாதியில் நூலகமே கிடையாது. குறிப்பாகத் தொடக்கப் பள்ளிகளில். வகுப்பறை மூலையில் ஒரு தட்டு, அதில் சில பழைய புத்தகங்கள், அவ்வளவுதான். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவாக 1951இல் உருவான அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம், 1960இல் பள்ளி நூலகங்களுக்கான தர அளவுகளை வெளியிட்டது. பிரான்சஸ் ஹென்னி, ரூத் எர்ஸ்டட் என்ற இரு பெண்மணிகள் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார்கள். ஒரு மாணவருக்குக் குறைந்தது பத்துப் புத்தகம், பயிற்சி பெற்ற நூலகர், ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிடுவது என்று அந்தத் தர அளவுகள் பேசின. அன்றைய நிலையில் பல பள்ளிகளுக்கு அது எட்டாக்கனி. படித்துவிட்டு, ‘நல்ல கனவு, ஆனால் நடக்குமா?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நல்ல பள்ளி நூலகம் ஒன்றைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமையாசிரியருக்கு, அச்சடித்த தர அளவைக் கொடுத்து என்ன புரியவைக்க முடியும்?

அப்போதுதான் நேப் அறக்கட்டளை என்ற நிறுவனம் முன்வந்தது. 1962 இறுதியில் அந்தச் சங்கத்துக்கு 11 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் பெருந்தொகை. அதைக் கொண்டு 1963 முதல் 1968 வரை நடந்ததுதான் நேப் பள்ளி நூலகத் திட்டம். பெக்கி சல்லிவன் என்ற நூலகர் அதை இயக்கினார்.

அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். நாடு முழுவதும் உள்ள பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஆளுக்கொரு அலமாரி கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு மறந்தும் போயிருக்கும். அவர்கள் எட்டே எட்டுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து தொடக்கப் பள்ளிகள், மூன்று உயர்நிலைப் பள்ளிகள். நியூயார்க் மாநிலத்தின் பிளெயின்வியூவில் ஒன்று, மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாந்தில் ஒன்று. பிறகு பால்டிமோர், இண்டியானாபொலிஸ், டெக்சாஸின் ஆஸ்டின் என்று வெவ்வேறு ஊர்கள். முதல் கட்டத்தில் ஏற்கெனவே ஓரளவு நன்றாக நடந்துகொண்டிருந்த பள்ளிகளை எடுத்தார்கள். அடுத்த கட்டத்தில் நூலகம் குறைபாடோடு இருந்த பள்ளிகளையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டார்கள். எல்லாம் இருக்கும் பள்ளியைக் காட்டினால் பார்க்க வருபவர், ‘இவர்களுக்கு வசதி இருக்கிறது, செய்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நூலகம் எழுந்து வருவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

தேர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பள்ளிக்கு அருகில் ஆசிரியர் பயிற்சி தரும் கல்லூரி ஒன்று இருக்க வேண்டும். நாளைக்கு ஆசிரியராகப் போகிற மாணவர்கள் அங்கே வந்து, நல்ல நூலகம் இருக்கும் பள்ளியில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. மற்ற ஊர்களிலிருந்து பார்வையாளர்கள் வந்து போவதற்குப் பயணச் செலவையும் அந்த நிதியிலிருந்தே கொடுத்தார்கள். வருபவர்களும் தனித்தனியாக வருவதில்லை, குழுவாக வந்தார்கள். ஓர் ஆசிரியர், தலைமையாசிரியர், நூலகர், கல்வி அதிகாரி என்று ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து வருவார்கள். நூலகர் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஊரில் போய் யாரிடம் எடுத்துச் சொல்வார்? தலைமையாசிரியரும் அதிகாரியும் கூடவே வந்து பார்த்துவிட்டால், திரும்பும் வழியிலேயே நம் பள்ளியில் எந்த அறையை ஒதுக்கலாம் என்ற பேச்சு தொடங்கிவிடும். வர முடியாதவர்களுக்காக 1964இல் ஒரு படமும் எடுத்து நாடெங்கும் திரையிட்டார்கள்.

ஐயா, அம்மா, எனக்குத் தெரிந்து ஒரு பள்ளி நூலகத்துக்குச் செய்யக்கூடிய உயர்ந்த பாராட்டு இதுதான். ‘நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள், இதோ கேடயம், வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லாமல், ‘நீங்கள் செய்வதைப் பிறர் வந்து பார்க்க வேண்டும், அதற்கு உங்களுக்கு ஆளும் பணமும் தருகிறோம்’ என்றார்கள்.

1965 ஏப்ரல் 11 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டெக்சாஸில், சிறுவயதில் தாம் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தமக்கு முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பள்ளி நூலகங்களுக்கும் பாடப் புத்தகங்களுக்குமாகப் பத்துக் கோடி டாலர் ஒதுக்க வழி செய்தது. நேப் திட்டம்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பெரிய அரசியல் காரணங்கள் இருந்தன. ஆனால் பணம் வந்து சேர்ந்த நேரத்தில், அதை எப்படிச் செலவழிப்பது என்று காட்டுவதற்கு உயிரோடு நடக்கும் பள்ளிகள் அந்த நாட்டில் இருந்தன. பணம் வந்தபின் எதை வாங்குவது என்று தெரியாமல், கிடைத்ததை வாங்கி அடுக்கிய அனுபவம் நம் பள்ளிகளில் பலருக்கு உண்டு. அந்த வேறுபாட்டை நீங்கள் உணர்வீர்கள்.

அதே 1960களில்தான், சிறந்த பள்ளி நூலகத் திட்டத்துக்கான தேசிய விருதும் வேரூன்றியது. முதலில் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா நிறுவனம் அதற்குத் துணை நின்றது. பின்னாளில் ஃபாலெட் என்ற புத்தக நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது. வெல்லும் பள்ளிக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று ஆனது. விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தபின், இறுதிச் சுற்றுக்கு வரும் பள்ளிகளுக்குத் தேர்வுக்குழு நேரில் போகும். விருது நூலகர் என்ற ஒரு தனி ஆளுக்குப் போவதில்லை, பள்ளியின் நூலகத் திட்டம் முழுவதற்கும் போகிறது.

இது எனக்குச் சரியென்றே படுகிறது. ஒரு நல்ல ஆசிரியை இருக்கும்வரை பூத்துக் குலுங்கி, அவர் மாறுதலாகிப் போனதும் பட்டுப்போன நூலகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தனி மனிதரின் உழைப்பைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த உழைப்பைப் பள்ளி தனதாக்கிக்கொண்டதா என்று பார்ப்பதுதான் விருதின் வேலை. அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் வேறு சில விருதுகளையும் வைத்திருக்கிறது. நூலகத்துக்குத் துணை நின்ற பள்ளி நிர்வாகிக்கு ஒன்று. நூலகரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து நடத்திய பாடத்துக்கு ஒன்று. பிரான்சஸ் ஹென்னியின் பெயரிலேயே, பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட இளம் நூலகர் முதல்முறையாகத் தேசிய மாநாட்டுக்குப் போய்வர ஒன்று. தலைமையாசிரியருக்கு விருது என்பதை நாம் உடனே எடுத்துக்கொள்ளலாம். கால அட்டவணையில் நூலகப் பாடவேளையைப் போடுபவரும் அவர்தான். கணக்குப் பாடம் முடியவில்லை என்று அதை எடுத்துக் கொடுத்துவிடுபவரும் அவர்தான்.

இனி, ஒரு நூலகம் உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பயன்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மேரி கேவர் என்ற பேராசிரியர் 1963இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று வகைத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டார். வகுப்பறையில் மட்டும் புத்தகம் இருக்கும் பள்ளி ஒன்று. பொதுவான ஓரிடத்தில் புத்தகங்கள் இருந்தும் நூலகர் இல்லாத பள்ளி இன்னொன்று. நூலகமும் தகுதி பெற்ற நூலகரும் இருக்கும் பள்ளி மூன்றாவது. மூன்றாவது வகைப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகமாகவும் பலவகையாகவும் படித்தார்கள். புத்தகத்தை வைத்தால் பிள்ளைகள் தாமாகவே வந்து படிப்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிலர் வருவார்கள். மற்றவர்களுக்கு, ‘இந்தா, இது உனக்குப் பிடிக்கும்’ என்று எடுத்துக் கொடுக்கும் ஒரு கை வேண்டும்.

முப்பது ஆண்டு கழித்து, 1993இல், கீத் கரி லான்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் கொலராடோ மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். நூலகத்தின் ஆள்பலமும் நூல்தொகையும் கூடிய பள்ளிகளில் வாசிப்புத் தேர்ச்சியும் கூடியிருந்தது. பணக்காரப் பகுதிப் பள்ளிகளில் எல்லாமே நன்றாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அதைக் கேட்டார்கள். பெற்றோரின் கல்வி, வறுமை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்தபிறகும் அந்தத் தொடர்பு மிஞ்சி நின்றது. பிறகு பல மாநிலங்களில் அதே முறையில் ஆய்ந்தார்கள். இதை முழு நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சேர்ந்தே காணப்படுவதால் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. ஆனால் நூலகர் சம்பளத்தை வீண்செலவு என்று சொல்பவர்கள் இந்த ஆய்வுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது ஒஹாயோ மாநில ஆய்வு. ராஸ் டாட், கரோல் கூல்த்தாவ் என்ற இரு அறிஞர்கள் நடத்தியது, 2004இல் வெளிவந்தது. அவர்கள் முதலில் நல்ல நூலகம் உள்ள பள்ளிகள் எவை என்று வல்லுநர் குழுவைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். 39 பள்ளிகள். பிறகு அங்கே படிக்கும் 13,123 மாணவர்களிடம் கேட்டார்கள். ‘நூலகம் பிடிக்குமா?’ என்று கேட்கவில்லை. பிடிக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். நூலகம் உனக்கு எதில் உதவியது, எந்த அளவுக்கு உதவியது என்று பலவிதமாகப் பிரித்துக் கேட்டார்கள். கடைசியாக, நூலகம் உண்மையிலேயே கைகொடுத்த ஒரு சமயத்தை நினைவுபடுத்தி, அந்த உதவியால் உன்னால் என்ன செய்ய முடிந்தது என்று எழுதச் சொன்னார்கள். ஏதாவது ஒரு வகையில் உதவியது என்று சொன்னவர்கள் 99 விழுக்காட்டுக்கும் மேல்.

விழுக்காட்டை விடுங்கள். நல்ல பள்ளிகளாகப் பொறுக்கி எடுத்து ஆய்ந்ததால் அது உயர்வாகத்தான் இருக்கும். அந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். நம் தேர்வுக்குழு ஒரு பள்ளிக்குப் போய், ஏழாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதச் சொன்னால் போதும். ‘எங்கள் பள்ளி நூலகம் மிகவும் அழகானது’ என்று ஒரே வரியைப் பத்துப் பேரும் எழுதினால் ஒரு முடிவுக்கு வரலாம். ‘எங்க வீட்டு ஆட்டுக்கு நோய் வந்தப்ப கால்நடை புத்தகத்துல பார்த்தேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னேன்’ என்பதுபோல் ஒரு பிள்ளை எழுதினால், வேறு சான்று எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய தேவைகூட இல்லை. அந்த நாட்டு நூலகர்கள் மதித்துப் படிக்கும் அளவுகோலை எழுதியவர் நம் சீர்காழிக்காரர். 1892இல் பிறந்து, கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஐந்தையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். முதல் விதியை விளக்கும்போது அவர் பழைய ஐரோப்பிய மடங்களில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த காலத்திலிருந்து தொடங்குகிறார். சங்கிலி போய்விட்டது. நம் பல பள்ளிகளில் அதன் இடத்தில் கோத்ரெஜ் பூட்டு தொங்குகிறது. ரங்கநாதன் அத்தோடு நிற்கவில்லை. நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், தட்டு எவ்வளவு உயரம் இருக்கலாம், பணியாள் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அந்த முதல் விதியிலிருந்தே வருவித்துக் காட்டுகிறார். கணக்கு வாத்தியார் அல்லவா!

1929இல் சென்னை நூலகச் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார் ரங்கநாதன். எண்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையில் சொல்கிறது. கதைப் புத்தகம் என்ற சொல்லையே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு சிறு புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்ற பெருமையைக் கொடுத்த முயற்சி அது. பொது நூலகத் துறை, நல்ல நூலகர்களுக்கு ரங்கநாதன் பெயரில் விருதும் கொடுத்துவருகிறது. வித்து இருக்கிறது, நிலமும் இருக்கிறது. பள்ளி நூலகத்தைப் பார்க்கும் கண்ணைத்தான் மாற்ற வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

தேர்வுக்குழு பள்ளிக்குள் நுழைந்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்க வேண்டாம். தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறக்கட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்கட்டும். சீட்டு வெள்ளையாக இருந்தால் அந்தப் புத்தகம் இன்னும் யாரையும் சந்திக்கவில்லை. ஒரு சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதிலும் பாதிக்குமேல் தேதிகள் இருந்தால் அந்தப் புத்தகம் ஊரைச் சுற்றியிருக்கிறது. முதுகைத் தடவிப் பாருங்கள். காலிகோ துணி வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டியது ஒரு பிள்ளையின் கை என்பது பசை வழிந்திருப்பதிலேயே தெரியும். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். சமையலறையில் அம்மா தோசை சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமி படித்திருக்கிறாள் என்று பொருள். பிறகு வழங்கல் நோட்டைக் கேளுங்கள். அது ஆசிரியரின் அச்சுப்போன்ற கையெழுத்தில் ஒரே மையில், ஒரே நாளில் எழுதியதுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெவ்வேறு கையெழுத்தில், பச்சை மையும் பென்சிலுமாக, ‘திருப்பித் தரவில்லை’ என்று சிவப்பில் எழுதி, பின்னர் அதை அடித்து ‘வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால், அங்கே ஒரு நூலகம் நடக்கிறது. பல பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இந்த நோட்டைப் பொறுப்பாக நடத்துகிறார்கள். அவர்களிடம் பேசுங்கள். எந்தப் புத்தகத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள், எதை யாரும் தொடுவதில்லை என்று விரல்நுனியில் சொல்வார்கள்.

காணாமல் போன புத்தகங்களையும் கேளுங்கள். ஒன்றுகூடப் போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஓராண்டில் ஒரு பங்கு தேய்ந்தும் தொலைந்தும் போகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அதை நியாயமான தேய்மானமாகத் தள்ளுபடி செய்ய ஆணை வேண்டும். பொறுப்பாசிரியரின் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற அச்சம் போகாதவரை எந்த விருதும் எந்தப் பீரோவையும் திறக்காது. என் பேச்சில் ஒன்றே ஒன்றை அதிகாரிகள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

யார் வாசிக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். பேச்சுப் போட்டியில் வெல்லும் நான்கு பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் நூலகம் நன்றாக இருப்பதாக ஆகாது. எழுத்துக்கூட்டுபவன், சிறப்புத் தேவை உள்ள குழந்தை, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு இடம்பெயர்ந்து வந்த பிள்ளை, இவர்கள் கையில் புத்தகம் போகிறதா? அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 2017இல் வெளியிட்ட புதிய தர அளவுகளில் ஆறு அடிப்படைகளைச் சொல்கிறார்கள். வினவுவது, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, கூடிச் செய்வது, தேர்ந்து தொகுப்பது, தேடிக் காண்பது, பொறுப்போடு பயன்படுத்துவது. சேர்த்துக்கொள்வதை இரண்டாவதாகவே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பாராட்டிய அமெரிக்காவில் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அங்கே பள்ளி நூலகர் பணியிடங்கள் பல இடங்களில் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. 2023இல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரக் கல்வி மாவட்டத்தை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. புதிய நிர்வாகம், சீரமைப்புக்கு எடுத்துக்கொண்ட 28 பள்ளிகளில் நூலகர் பணியிடத்தை நீக்கியது. நூலக அறைகளை, வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்படும் மாணவர்கள் உட்பட வேறு தேவைகளுக்கான கூடமாக மாற்றியது. பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகள் அவை. ஆண்டுக்கு ஒரு பள்ளியை மேடையேற்றிப் பரிசளிப்பதால் மற்றப் பள்ளிகளின் நூலகங்கள் காப்பாற்றப்பட்டுவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நேப் திட்டம் ஐந்தாண்டில் முடிந்தது. நல்ல நூலகத்தை ஊரே வந்து பார்க்கும் வழக்கம் அதற்குப்பின் அதே வேகத்தில் தொடரவில்லை. விருது தொடர்ந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் முன்னதைத்தான் கேட்பேன்.

ஆகவே கல்வித் துறையிடமும், இங்கே வந்திருக்கும் உங்களிடமும் என் வேண்டுகோள் இது. மாவட்டத்துக்கு ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தின் பெரிய பள்ளியாக இருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலிருந்து மாணவர்கள் வந்துபோகக்கூடிய தொலைவில், இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளியாக இருந்தாலும் சரி. அங்கே ஏற்கெனவே புத்தகம் பிள்ளைகள் கையில் புழங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பள்ளிக்குக் கேடயத்தோடு புத்தகம் வாங்கப் பணமும், நூலகத்தைக் கவனிக்க ஓர் ஆளும் மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள். மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளிலிருந்து தலைமையாசிரியர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஒருவர், வட்டாரக் கல்வி அலுவலர் என நால்வர் சேர்ந்து வந்து ஒரு முழு நாள் இருந்து பார்க்கப் பஸ் கட்டணமும் பணிநாளும் கொடுங்கள். அந்த அலுவலர் ஆண்டாய்வுக்குக் கொண்டுபோகும் படிவத்தில், ‘சென்ற மாதம் எத்தனை புத்தகங்கள் வீட்டுக்குப் போயின?’ என்று ஒரு வரியைச் சேருங்கள்.

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாதது ஒன்று உண்டு. நாளைக் காலை பள்ளிக்குப் போனதும் பீரோ சாவியை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையில் கொடுங்கள்.